புலி வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

வாசகர் கேள்வி

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகன் படிவம் ஐந்து படிக்கிறான், வயது 17. போன மாதம் கைப்பேசியில் ஏதோ ஏ.ஐ. செயலியை வைத்து, எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் புலி நிற்கிற மாதிரி ஒரு படம் செய்து கூட்டாளிக்கு அனுப்பியிருக்கிறான். அந்தப் பையன் அதைத் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டான். சாயந்திரத்துக்குள் முகநூல் வரைக்கும் போய்விட்டது. இரண்டு நாள் அந்தப் பக்கத்துக் காட்டில் பழம் வெட்ட யாரும் போகவில்லை. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) ஆட்கள் வந்து கேமரா கட்டிவிட்டுப் போனார்கள். கோயிலில் விளக்கு ஏற்றக்கூட ஆள் போகவில்லை. யாரோ ஒருவர் பயந்து மோட்டாரோடு விழுந்து கை முறிந்ததாகவும் பேச்சு.

பெரிய சங்கடம் என் மாமனார். முப்பது வருஷம் மண்டோராக (கங்காணியாக) இருந்தவர். படத்தைப் பார்த்ததும், "நான் பால் வெட்டின காலத்துலயும் இந்தப் பக்கந்தான் வரும்" என்றார். ஆற்றோரம் காலடித் தடம் இருக்கிறது என்று காட்டினார். அவர் சொன்ன பிறகுதான் எல்லாரும் முழுசாக நம்பினார்கள். இப்போது மகன் என்னிடம் மட்டும் அழுது உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வெளியே சொன்னால் தாத்தாவுக்கு அவமானம். போலீஸ் வருமோ என்று எனக்குப் பயம். அப்படியே விட்டால் ஊர் மறந்துவிடாதா? ஊரே எப்படி ஐயா ஏமாந்தது? அவன் மனசில் ஏதும் கோளாறா? கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேராக்)

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். முதலில் தாத்தாவிடம், தனியாக. அடுத்து தோட்ட அலுவலகத்திலும் பெர்ஹிலித்தானிலும். கடைசியாக அந்தப் புலனக் குழுவில். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஊர் மறந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் மறந்தாலும் மறக்கும், சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பையன் மறக்க மாட்டான்.

கோளாறு பற்றிய பயத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஊரை ஏமாற்றுவதிலேயே சுகம் காண்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிடிபட்டாலும் அடுத்ததற்குத் தயாராகிவிடுவார்கள். உங்கள் மகனை யாரும் பிடிக்கவில்லை, யாரும் சந்தேகப்படக்கூட இல்லை, அவனாக வந்து அம்மாவிடம் அழுதிருக்கிறான். மனச்சாட்சி நன்றாக வேலை செய்கிற பிள்ளை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உண்மையைச் சொன்ன பிறகும் ஒரு வாரம், பத்து நாள் கடந்து தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கக் கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி, ஊர் எப்படி ஏமாந்தது என்ற கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். உங்கள் மாமனாரை எப்படி அணுகுவது என்பதற்கும் இதில்தான் வழி இருக்கிறது.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஒரு சின்னச் செய்திப் படம் வந்தது. சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ பகுதியில் அந்த ஆண்டு ஸ்பகெட்டி விளைச்சல் அமோகம் என்றார்கள். பெண்கள் கூடையோடு மரத்தடியில் நிற்கிறார்கள். கிளைகளிலிருந்து நீளநீளமாகத் தொங்கும் இழைகளைப் பறித்து, வெயிலில் காயப் பரப்புகிறார்கள். குளிர் அதிகம் இல்லாததும், ஸ்பகெட்டி வண்டு ஒழிந்துபோனதும் நல்ல மகசூலுக்குக் காரணம் என்று விளக்கமும் வருகிறது. மாவு பிசைந்து செய்கிற ஒரு பொருள் மரத்தில் காய்க்கிறது என்று சொன்னதைப் பலர் நம்பினார்கள். ஸ்பகெட்டி மரம் வளர்ப்பது எப்படி என்று பிபிசிக்கே தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு.

அவர்களெல்லாம் படிப்பில்லாதவர்களா? இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்பகெட்டி இன்னும் பழகாத உணவு, தக்காளிச் சாற்றோடு டின்னில் வந்தால்தான் பலருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அந்தப் படத்துக்குக் குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை நாட்டுக்கே வர்ணித்த குரல் அது. அந்தக் குரல் சொன்னால் அது செய்தி. மரத்தை நம்பினார்கள் என்பதைவிட, மனிதரை நம்பினார்கள் என்பதே சரி.

உங்கள் தோட்டத்தில் அந்தக் குரல் உங்கள் மாமனாருடையது. படம் மட்டும் வந்திருந்தால் இளைஞர்கள் இரண்டு பேர் சிரித்திருப்பார்கள், ஒருவன் "இது ஏ.ஐ.டா" என்று போட்டிருப்பான், அத்தோடு போயிருக்கும். முப்பது வருஷம் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர், எந்தக் காட்டில் எத்தனை மரம் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், அவர் தலையாட்டிய பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? அவரை முட்டாளாக்கியது எதுவும் இதில் இல்லை. ஊர் அவர்மேல் வைத்திருக்கும் மதிப்புத்தான் வெளியே தெரிந்திருக்கிறது.

அதோடு, புலி நம் ஆட்களுக்குக் கட்டுக்கதை இல்லை. இந்தத் தோட்டங்கள் ரப்பராக இருந்த காலத்தில், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளரவமில்லாத மரவரிசையில் தனியாக நடந்தவர்கள் அந்தத் தலைமுறை. காட்டு ஓரத்துத் தோட்டங்களில் புலி பயம் அன்றாட விஷயம். இன்றைக்கும்தான் என்ன, 2023 கடைசியில் கிளந்தான் குவா மூசாங் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர்களைப் புலி அடித்துக் கொன்றது நாடு முழுக்கச் செய்தியாயிற்று. உங்கள் மாமனார் சொன்ன பழைய அனுபவம் உண்மையாகவே இருக்கும். அந்த நினைவு அவருக்குள் இருந்ததால்தான் பொய்ப் படம் அவ்வளவு சுலபமாக அதில் பொருந்திக்கொண்டது. ஆற்றோரத் தடத்தைப் பற்றியும் அவரோடு வாதாட வேண்டாம். ஈர மண்ணில் நாய்த் தடமும் விரிந்து பெரிதாகத் தெரியும். நாய்க்கு நகம் பதியும், புலிக்குப் பெரும்பாலும் பதியாது, அதைப் பார்த்துச் சொல்ல பெர்ஹிலித்தான்காரர்கள் இருக்கிறார்கள்.

வயதானவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று உங்கள் மகன் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். 2025 நடுவில் நம் பேராக்கிலேயே, பெங்காலான் ஹூலு பக்கம் ஒரு கேபிள் கார் ஓடுவதாக ஏ.ஐ. வீடியோ ஒன்று பரவியது. செய்தியாளர் மாதிரி ஒரு பெண், பயணிகள், பேட்டி, எல்லாம் செயற்கை. அதை நம்பி வயதான தம்பதி ஒன்று கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு வந்து விசாரித்ததாக ஹோட்டல் ஊழியர் ஒருவர் சொல்ல, நாடே அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, சிலர் கேலியும் செய்தார்கள். ஆனால் அதே வீடியோவை உண்மையா பொய்யா என்று பாராமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவர்களில் எத்தனை இளையவர்கள் இருந்திருப்பார்கள்? பொய் பரவுவதற்கு எல்லா வயதும் கை கொடுக்கிறது, அவமானம் மட்டும் கிழவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. எனக்கு இது வருத்தமான விஷயம்.

இப்போது விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். "தாத்தா நம்பிவிட்டார், இனி எப்படிச் சொல்வது" என்பதுதானே உங்கள் மகனின் சிக்கல்? இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த இரண்டு பெண்களின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.

1917ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் காட்டிங்லி என்ற சிற்றூர். எல்சி ரைட்டுக்கு 16 வயது, அவளுடைய உறவுக்காரத் தங்கை ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸுக்கு 9. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விளையாடிவிட்டு நனைந்த துணியோடு வந்ததற்குச் சின்னவளுக்குத் திட்டு விழுகிறது. அங்கே தேவதைகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்கிறாள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். எல்சி அப்பாவின் கேமராவை இரவல் வாங்குகிறாள். ஒரு சிறுவர் பரிசுப் புத்தகத்தில் இருந்த நடனப் பெண்களைப் பார்த்து வரைகிறாள், இறக்கை வைக்கிறாள், கத்தரித்து எடுக்கிறாள், தொப்பியில் குத்தும் நீள ஊசியால் புல்லிலும் செடியிலும் நிறுத்தி வைக்கிறாள். அந்தக் காகிதப் பொம்மைகளுக்குப் பின்னால் ஃபிரான்சஸ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறாள். சொடுக்கு. கழுவிப் பார்த்த அப்பா நம்பவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே அது முடிந்திருக்க வேண்டியது.

முடியவில்லை. 1919இல் எல்சியின் அம்மா, சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் கூட்டம் ஒன்றுக்குப் பக்கத்து நகரில் போயிருந்தபோது, படங்களைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டார். கை மாறி மாறி அது ஆர்தர் கானன் டாயிலிடம் போய்ச் சேர்ந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் என்கிற, எதையும் துருவித் துருவிப் பார்க்கிற துப்பறிவாளரைப் படைத்தவர். 1918இல் மகனையும் அடுத்த ஆண்டு தம்பியையும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தவர், கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பதில் உறுதியாக இருந்தவர். அவர் நம்பினார். 1920 டிசம்பரில் லண்டன் பத்திரிகையில் அந்தப் படங்களோடு கட்டுரை எழுதினார். எல்சி பார்த்து வரைந்த அதே பரிசுப் புத்தகத்தில் டாயிலின் கதை ஒன்றும் அச்சாகியிருந்தது. ஆதாரம் அவர் எழுத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது, கண்ணில் படவில்லை.

அந்தப் பெண்கள் உண்மையைச் சொன்னது 1983இல். எல்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. டாயில் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஏன் அத்தனை காலம் பேசவில்லை என்றால், அவ்வளவு பெரிய மனிதர் நம்பிய பிறகு இரண்டு சின்னப் பிள்ளைகள் எப்படி வாய் திறப்பது என்ற கூச்சம்தான். 1917இல் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். 1920இல் சொல்லியிருந்தால் கொஞ்ச நாள் தலைக்குனிவு. சொல்லாமல் விட்டதால் டாயிலைப் பற்றி இன்று பேசுகிற யாரும் அந்தக் காகிதத் தேவதைகளைப் பற்றியும் பேசாமல் விடுவதில்லை. அவர் மானத்தைக் காக்க நினைத்த மௌனமே அவர் பெயரில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

உங்கள் மாமனாருக்கும் இதுதான் ஆபத்து. பேரன் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் புலிக் கதையைச் சாப்பாட்டுக்கடையில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்வார். அந்தக் கூட்டாளிப் பையனுக்கு உண்மை தெரியும், அவன் வாயை எவ்வளவு நாள் கட்டி வைக்க முடியும்? யாரோ ஒருவன் கடையில் பத்துப் பேர் முன்னால் "மண்டோரே, ஒங்க பேரன் செஞ்ச படமாமே அது" என்று கேட்கிற நிலைமை வரக் கூடாது. அவருக்கு அவமானம் என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் இருக்கிறது.

ஆகவே சொல்லும் விதம் முக்கியம். முதலில் உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பாவின் முதல் கோபம் மகன்மேல் இறங்கட்டும் என்று விடாமல், நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தாத்தாவிடம் பையன் மட்டும் போகட்டும். மற்ற உறவுகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்கை தம்பிகள் யாரும் கூட வேண்டாம். அவர் காலையில் காப்பி குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்கும் நேரம் நல்லது. கைப்பேசியை நீட்டிப் படத்தைக் காட்டிக்கொண்டு ஆரம்பிக்கக் கூடாது. "நீங்க ஏமாந்துட்டீங்க" என்ற சொல் வரவே கூடாது. இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்:

"தாத்தா, அந்தப் புலிப் படம் நான் செஞ்சது. கூட்டாளியப் பயமுறுத்தச் செஞ்சேன், அது குரூப்புக்குப் போயிருச்சு. நீங்க ஊருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. என்னாலதான் தாத்தா இப்படி ஆச்சு. மன்னிச்சிருங்க."

அதோடு நிறுத்திவிட வேண்டும். பதினேழு வயதுக்குச் சும்மா இருப்பது கஷ்டம், விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். விளக்கம் எல்லாமே சாக்காகத்தான் பெரியவர் காதில் விழும். அவர் திட்டலாம், கை ஓங்கலாம், எழுந்து போய் இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். கை ஓங்கினால் குறுக்கே நிற்க, கணவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும். பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், சாப்பாட்டை மட்டும் பேரன் கையால் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். கோபம் தணிந்த பிறகு நீங்களோ கணவரோ அவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஆபீசுக்குப் போய்ச் சொல்லணும், நீங்க கூட வர்றீங்களா?" நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இந்த அழைப்பை மறுப்பது அபூர்வம். பேரனை அழைத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நிறுத்தி, "தப்பு பண்ணிட்டான், நானும் அத நம்பிட்டேன்" என்று அவர் வாயால் சொல்லிவிட்டார் என்றால், பிறகு அவரைக் கேலி செய்ய அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது.

"விளையாட்டுக்குத் தானே செய்தான்" என்று நீங்கள் நினைக்கலாம். அவன் நினைத்தது விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பகெட்டி மரத்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை, பொய் என்று தெரிந்ததும் ஏமாந்தவர்களே சொல்லிச் சிரிக்க முடிந்தது. சுவீடனிலும் 1962 ஏப்ரல் 1ஆம் தேதி, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் திரையில் நைலான் காலுறையை இழுத்து மாட்டினால் வண்ணமாகத் தெரியும் என்று ஒரு தொழில்நுட்ப நிபுணர் சொல்ல, வீட்டுக்கு வீடு காலுறையைத் தேடினார்கள். போனது காலுறை ஒன்று. உங்கள் தோட்டத்தில் போனது கூலி.

இதை அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிக்கு மேல். பழம் வெட்டுகிறவர்களுக்கு வெட்டின அளவுக்குத்தான் கூலி சேரும், காட்டுக்குப் போகாத நாளில் அந்த வரும்படி இல்லை. இன்றைக்குத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் யார்? வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் உங்கள் புலனக் குழுவில் இருக்க மாட்டார்கள். படம் அவர்களுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும், மறுப்பு போய்ச் சேராது. புலி இல்லை என்று தோட்டமே தெரிந்துகொண்ட பிறகும் அவர்கள் பயந்துகொண்டே மரத்தடியில் நிற்பார்கள். உங்கள் மகன் அவர்கள் தங்கும் கொங்சிக்கும் நேரில் போய், தனக்குத் தெரிந்த மலாயில் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பாதி வேலைதான் முடிந்தது என்பேன்.

பெர்ஹிலித்தானிடம் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. உங்கள் தோட்டத்தில் கட்டிய கேமராவும் அதைப் பார்க்க வரும் ஆட்களும் உண்மையாகப் புலி நடமாடும் ஓர் இடத்தில் இருக்க வேண்டியவர்கள். அதோடு பொய் ஒன்று பதிவேட்டில் ஏறிவிட்டால் பின்னால் வரும் உண்மையையும் அது கெடுக்கும். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ஆதி மனிதனின் மண்டை ஓடு கிடைத்தது என்றார்கள். மனித மண்டை ஓட்டையும் மனிதக் குரங்கின் தாடையையும் சேர்த்து, பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றிச் செய்த போலி அது. வெளிப்பட்டது 1953இல். (அந்தத் தாடை போர்னியோ ஓராங் ஊத்தானுடையதாக இருக்கலாம் என்று 2016இல் மரபணுச் சோதனையில் தெரிய வந்தது, நம் பக்கத்துக் காட்டு விலங்கு!) இடையில் 1924இல் தென்னாப்பிரிக்காவில் உண்மையான ஆதி மனித இனத்துக் குழந்தையின் மண்டை ஓடு கிடைத்தபோது, அறிஞர்கள் பலர் அதை ஏற்கத் தயங்கியதற்குப் பில்ட்டவுன் போலியும் ஒரு காரணம். நாளைக்கு உங்கள் தோட்டத்தின் எல்லையில் நிஜமாகவே ஒரு புலியின் தடம் தெரிந்தால், யாராவது ஓடி வந்து சொன்னால், நம்புவதற்கு ஆள் வேண்டும்.

போலீஸ் பயத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு பொய்யான உள்ளடக்கத்தைக் கெட்ட நோக்கத்தோடு பரப்புவதைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரி முதல் அதற்கு அதிகபட்சத் தண்டனை 500,000 வெள்ளி அபராதம், இரண்டாண்டுச் சிறை. பொதுமக்களிடையே பீதி கிளப்புவதற்குத் தண்டனைச் சட்டத்தில் 505ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அவனுக்கு 18 ஆகவில்லை, சிறார் சட்டம் அவனைப் பெரியவர்கள் மாதிரி நடத்துவதில்லை. நோக்கம் என்ன என்பதும் கேள்விக்கு வரும், அவனாகவே முன்வந்து சொன்னது அவனுக்குச் சாதகமாகத்தான் பேசும். நான் வழக்கறிஞர் இல்லை. அலுவலகத்துக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். வசதி இல்லையென்றால் ஈப்போவில் உள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறையில் விசாரியுங்கள். இதற்காக நாள் கணக்கில் தள்ளிப் போட வேண்டாம், தாத்தாவிடம் சொல்வதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

மோட்டாரில் விழுந்து கை முறிந்தவர் என்று ஒரு பேச்சு வருகிறதே, அது உண்மையா என்று முதலில் கண்டுபிடியுங்கள். 1938 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் செவ்வாய்க் கிரகவாசிகள் இறங்கிவிட்டதாகச் செய்தி அறிக்கை பாணியில் ஒரு நாடகம் போட்டார். நாடே வீட்டைவிட்டு ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. பின்னால் ஆராய்ந்தவர்கள், கேட்டவர்களே குறைவு, பயந்தவர்கள் அதிலும் குறைவு, பீதியை ஊதிப் பெருக்கியது பத்திரிகைகள்தான் என்றார்கள். ஏமாந்த கதையும் இப்படிக் கை கால் முளைத்து வளரும். உங்கள் மகன் இரவில் படுத்துக்கொண்டு அந்த முறிந்த கையை நினைத்துக்கொண்டிருப்பான். அப்படி ஒருவர் இருந்தால் கணவரோடு போய்ப் பார்க்கட்டும், வைத்தியச் செலவில் முடிந்ததைக் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தச் சுமையாவது அவன் தலையிலிருந்து இறங்கும்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். அதே கைப்பேசியிலிருந்து, அதே குழுவில், அவன் பெயரோடு மறுப்பைப் போட வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவன் எழுதட்டும், அனுப்புமுன் படித்துப் பாருங்கள். நான்கைந்து வரி போதும்: படம் செயற்கையாகச் செய்தது, செய்தது நான், எந்தத் தேதியில், அலுவலகத்திலும் பெர்ஹிலித்தானிலும் சொல்லிவிட்டேன், வேலை கெட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சிரிக்கும் பொம்மை, கைகூப்பும் பொம்மை எதுவும் வேண்டாம். பழைய படத்தைத் திரும்பவும் போட வேண்டாம், போட்டால் மறுப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மறுபடி அனுப்புவார்கள். முகநூலில் முதலில் பகிர்ந்தவர்களுக்கும் தனித்தனியாக அனுப்பி, பதிவை எடுக்கச் சொல்லட்டும். படத்தைக் குழுவில் போட்ட கூட்டாளியின் பெயர் அதில் வரக் கூடாது. அவன் சொல்வதா வேண்டாமா என்பதை அவனுடைய அம்மா அப்பா முடிவு செய்யட்டும். நீங்கள் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.